முதலுக்கே மோசம்

1

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆகஸ்ட் மாதம். பெங்களூரில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது மாமா கூப்பிட்டார். அவர் போனில் பேசுகிறவரே இல்லை. வழக்கமாக அத்தைதான் கூப்பிடுவார். பின்னாலிருந்து "அங்க மழையான்னு கேளு" என்று மாமாவின் குரல் மட்டும் கேட்கும். அவரே கூப்பிட்டதும் ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, நம்ம சிசி கணக்கு என்பிஏ ஆயிருச்சாம்."

"எப்படி மாமா? வட்டி கட்டலையா?"

"கட்டாம என்ன, கொஞ்சம் கொறஞ்சிருக்கும். மேனேஜரைக் கேட்டா, நான் ஒண்ணும் பண்ணலைங்க, ராத்திரி கம்ப்யூட்டரே போட்டுருச்சுங்கிறார். நீ அந்த வேலையிலதானே இருக்கிற? அதுக்கு என்னதான் சொல்லி வெச்சிருக்கீங்க?"

"வெச்சிருக்கீங்க" என்று பன்மையில் சொன்னார். என்னையும் சேர்த்துத்தான். நான் அப்போது வங்கிகளுக்குக் கடன் கண்காணிப்பு மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். எந்தக் கணக்கு வாராக்கடன் என்பதைக் கிளை மேலாளர் கையால் தீர்மானிக்கக் கூடாது, கணினியே தீர்மானிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. 2021 ஜூன் 30 கெடு. அந்தக் கெடுவுக்காக இரவு பகலாக உட்கார்ந்து விதிகளை நிரலாக மாற்றியவர்களில் நானும் ஒருவன். மாமாவின் வங்கி எங்கள் மென்பொருளை வாங்கியிருந்ததா என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொள்ளப் பயம். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். வேறொருவன் எழுதியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பான்.

அந்த போனுக்குப் பிறகு ஒரு கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. முப்பது வருடம் ஒருவரோடு பழகிய ஒரு நிறுவனம், ஒரு நாள் ராத்திரி அவரை யாரென்றே தெரியாதவரைப்போல நடத்துவது அநியாயமா? அல்லது அப்படி நடத்த முடிவதுதான் நியாயமா?

2

கெங்கவல்லியைத் தெரியாதவர்களுக்கு: சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர். அங்கிருந்து தம்மம்பட்டிப் பக்கம் போனால் எங்கள் ஊர். சுவேதா நதி என்று அழகான பெயரில் ஒரு ஆறு இருக்கிறது, பெரும்பாலான மாதங்களில் மணலாக. ஒரு பக்கம் பச்சைமலை தெரியும். நிலத்தில் மரவள்ளி. நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம். சேகோ ஆலைகள் அந்தக் கிழங்கை வாங்கித் தோலுரித்து, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவைத்து, மாவெடுத்து, குருணையாக்கி, வறுத்து, களத்தில் காயவைக்கும். ஜவ்வரிசி. நாம் பாயசத்துக்கு ஒரு கைப்பிடி வாங்குகிறோம். வடக்கே, முக்கியமாக மகாராஷ்டிரத்தில், விரத நாட்களில் அதுதான் சாப்பாடு.

மாமாவினுடையது சின்ன ஆலை. தொழிலின் கணக்கு எளிமையானது, கொடுமையானதும்கூட. கிழங்கு வரத்து சில மாதங்கள்தான். அந்த மாதங்களில் விவசாயிக்குக் காசு கொடுத்துக் கிழங்கை வாங்கிவிட வேண்டும். வெட்டிய கிழங்கு காத்திருக்காது. ஆனால் ஜவ்வரிசி காத்திருக்கும். விலை ஏறட்டும் என்று குடோனில் அடுக்கலாம். ஆக, காசு ஒரேயடியாக வெளியே போகும். மெதுவாக, சில வருடம் மிக மெதுவாக, உள்ளே வரும். இடையில் இருக்கிற பள்ளத்தை நிரப்புவதுதான் வங்கி. அதற்குப் பெயர் கேஷ் கிரெடிட், சிசி. லிமிட் என்று ஒன்று போடுவார்கள். மாதாமாதம் சரக்குக் கணக்கு கொடுக்க வேண்டும். ஒரு கோடிக்குச் சரக்கு இருந்தால் கால் பங்கைக் கழித்து 75 லட்சம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல ஒரு ஏற்பாடு.

மாமாவுக்கு முதல் லிமிட் கொடுத்த மேலாளர் தொண்ணூறுகளில் வந்தவர். டிவிஎஸ் 50-ல் ஆலைக்கு வருவார். எனக்கு அப்போது ஆறேழு வயதிருக்கும். களத்தில் காயும் ஜவ்வரிசியில் கால்வைத்து அவரிடமே திட்டு வாங்கியிருக்கிறேன். அவர் பேலன்ஸ் ஷீட்டைவிட வேறு சிலதைப் பார்ப்பார் என்று மாமா சொல்வார். சனிக்கிழமை கூலி தாமதமில்லாமல் போகிறதா, கரண்ட் பில் எத்தனாம் தேதி கட்டப்படுகிறது, கிழங்கு போட்ட விவசாயி பாக்கி கேட்டு வாசலில் நிற்கிறானா. ஒரு தடவை அத்தையிடம், "வீட்டுல நகை வாங்குனீங்களாம்மா?" என்று கேட்டாராம். அத்தைக்குக் கோபம். மாமா அப்புறம்தான் விளக்கினாராம்: லிமிட் பணம் தொழிலில் நிற்கிறதா, கழுத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறார்.

இந்த மாதிரித் தெரிந்துகொள்வதைப் பொருளியல்காரர்கள் மென்தகவல் என்கிறார்கள். எண்ணாக எழுத முடியாதது, தபாலில் அனுப்ப முடியாதது, பார்த்தவரின் மண்டைக்குள் மட்டும் இருப்பது. மேலாளர் இதையெல்லாம் பார்த்துவிட்டு வட்டார அலுவலகத்துக்கு எழுதியது கடைசியில் ஒரே வரியாகத்தான் இருந்திருக்கும்: உரிமையாளர் நாணயமானவர். மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கு அந்த வரி கிடைத்தது. வரிக்குப் பின்னால் இருந்த சனிக்கிழமைகள் கிடைக்கவில்லை.

3

இனி கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தக் கணக்குக்குள்தான் அறக்கேள்வி இருக்கிறது.

வங்கியின் மூலதனம் என்றால் பெட்டகத்தில் பூட்டிவைத்த பணம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது இல்லை. மூலதனம் என்பது, நட்டம் வந்தால் யாருடைய பணம் முதலில் போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. தமிழில் இதற்கு முதல் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். முதல் போடுகிறவர் முதலாளி. அதே சொல்தான் வரிசையில் முன்னால் நிற்பதற்கும். முதல் என்றால் முதலில் போவது. ஊரில் "முதலுக்கே மோசம்" என்று சொல்லும்போது, லாபம் போனதைச் சொல்வதில்லை. கடைசிக் காப்பும் போனதைச் சொல்கிறோம்.

மாமாவின் லிமிட் 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 1988-ல் பாசல் நகரில் உருவான உடன்பாட்டின் வழியாக வந்த முறைப்படி, ஒவ்வொரு கடனுக்கும் ஒரு ஆபத்து எடை உண்டு. இந்தியா 1992-லிருந்து இதைப் பின்பற்றுகிறது. அரசுப் பத்திரத்துக்குச் சுழியம். சாதாரண நிறுவனக் கடனுக்கு நூறு சதம். மாமா மாதிரிச் சிறுதொழில் கடன் சில நிபந்தனைகளுக்குள் வந்தால் 75 சதம். ஆக 80 லட்சம் எடைபோட்டால் 60 லட்சம். அதில் குறைந்தபட்சம் 9 சதமும், காப்பாக இன்னும் 2.5 சதமும், மொத்தம் 11.5 சதம், வங்கியின் சொந்த முதலாக இருக்க வேண்டும். 6 லட்சத்து 90 ஆயிரம்.

மீதி 73 லட்சத்துச் சொச்சம் யாருடையது? பெரும்பாலும் வைப்புதாரர்களுடையது. அதே கிளையில் எங்கள் அம்மாயி தன் பெயரில் 2 லட்சம் வைத்திருந்தார். எருமை விற்ற காசு, தாத்தா செத்தபோது வந்த காசு. மாமாவின் கொதிகலனில் எரிந்த விறகில் அம்மாயியின் எருமையும் கொஞ்சம் இருந்தது என்று சொல்லலாம்.

இப்போது கணக்கு கெட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒழுங்காக ஓடும் சிறுதொழில் கடனுக்கு வங்கி கால் சதம் ஒதுக்கிவைத்தால் போதும். 80 லட்சத்துக்கு 20 ஆயிரம். அது வாராக்கடன் என்று முத்திரை விழுந்த உடனே, மாமாவின் கணக்கு கெட்டபோது இருந்த விதிப்படி, 15 சதம். 12 லட்சம். அந்தக் கடனுக்கென்று இருந்த முதலே 6 லட்சத்து 90 ஆயிரம்தான். லாபம் அந்த 12 லட்சத்தைத் தாங்கவில்லை என்றால், பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுத்த கடனுக்கான முதலையும் இது தின்னத் தொடங்கும். பின்னால் பிணையை விற்றுப் பணம் வரலாம், வராமலும் போகலாம். கணக்குப் புத்தகம் அதுவரை காத்திருக்காது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த டிவிஎஸ் 50 மேலாளர் மேல் இருந்த பிரியம் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. ஒரு மாதம் வட்டி வராதபோது, "பரவால்லைங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று அவர் மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மாமா அதை இன்னும் நன்றியோடு சொல்வார். ஆனால் அந்தப் பெருந்தன்மைக்கு யார் காசு? அவருடையது இல்லை. எங்கள் அம்மாயியின் காசில் அவர் எங்கள் மாமாவுக்கு இரக்கம் காட்டினார். அம்மாயியை யாரும் கேட்கவில்லை. அடுத்தவர் பணத்தில் காட்டும் கருணைக்குக் கருணை என்று பெயர் வைக்கலாமா?

வைக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அதனால்தான் நிரலை நிம்மதியாக எழுதினேன்.

4

நிம்மதிக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது.

மேலாளருக்கு மாமாவைத் தெரியும். சரி. வேறு யாரைத் தெரியும்? கெங்கவல்லி சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. ஊரின் மக்கள்தொகை எப்படி இருக்கும் என்பதை அதுவே சொல்லும். ஆனால் மேலாளர் வண்டி நின்ற வாசல்களின் பட்டியலை எடுத்தால் அதில் காலனி இருக்காது. ஐந்தாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த நண்பன் ஒருவன், டிப்ளமோ முடித்து, மோட்டார் ரீவைண்டிங் கடை வைக்க 3 லட்சம் கேட்டு ஒரு வங்கிக்குப் போனான். 10 லட்சம் வரை குறுந்தொழில் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்று 2010-லிருந்தே ரிசர்வ் வங்கி விதி இருந்தது. அவர்கள் பிணை கேட்கவில்லை. "தெரிஞ்சவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வா தம்பி" என்றார்களாம். அவனுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் வங்கிக்குத் தெரியாதவர்கள்.

பல வருடம் கழித்து அவன் ஒரு சின்ன சரக்கு வண்டி வாங்கினான். கடன் செல்போனில் பத்து நிமிடத்தில் வந்தது. 300-லிருந்து 900 வரை போகும் அந்த மதிப்பெண்ணில் அவனுக்கு எழுநூற்றுச் சொச்சம். "மச்சி, மிஷினு எந்தத் தெருன்னு கேக்கல பாத்தியா" என்றான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு மாதிரியில் அஞ்சல் குறியீட்டு எண்ணை நாங்கள் சேர்த்துப் பார்த்து, அது எதைக் கண்டுபிடிக்கிறது என்பது தெரிந்ததும் கூச்சப்பட்டு எடுத்திருக்கிறோம். எடுக்காதவர்களும் இருக்கலாம். இருந்தாலும் அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. தெரிந்தவர் என்ற சொல்லுக்குள் எப்போதும் ஒரு சாதி உட்கார்ந்திருக்கிறது. யாரையும் தெரியாத எந்திரம், தெரியாதவனுக்கு ஒரு விடுதலை.

மேல்மட்டத்திலும் இதே கதைதான், தொகை மட்டும் பெரிது. பெருநிறுவனத்துக்கும் வங்கிக்கும் பழக்கம் முற்றினால், கடன் திரும்பாது என்று தெரிந்தும் பழைய வட்டியைக் கட்டப் புதுக்கடன் கொடுப்பார்கள். ஏன்? வாராக்கடன் என்று ஒப்புக்கொண்டால் முதல் கரையும். கரைந்தது வெளியே தெரியும். தொண்ணூறுகளில் ஜப்பானின் பெருவங்கிகள் தங்கள் பழைய வாடிக்கை நிறுவனங்களை இப்படித்தான் பிணமாகவும் இல்லாமல் உயிராகவும் இல்லாமல் வைத்திருந்தன. இங்கே 2015-ல் ரிசர்வ் வங்கி கடன்களின் தரத்தை நேரடியாக ஆய்வு செய்யத் தொடங்கியபோதுதான் எவ்வளவு மறைந்திருந்தது என்று தெரிந்தது. 2017 அக்டோபரில் பொதுத்துறை வங்கிகளுக்கு 2 லட்சத்து 11 ஆயிரம் கோடி ரூபாய் மறுமுதலீட்டுத் திட்டத்தை அரசு அறிவித்தது. நம் வரிப்பணம் முதலாகப் போனது. மாமாவுக்கு ஒரு மாத வட்டியைத் தள்ளிவைத்த அதே பழக்கம்தான், ஆயிரம் கோடி அளவில்.

ஆகவே கையை எடுத்துவிட்டுக் கணினியை வைத்தார்கள். ஒவ்வொரு நாள் இரவும் கணக்கு முடியும்போது எந்திரம் எண்ணும். தொண்ணூறு நாள் தொடர்ந்து லிமிட்டுக்கு மேல் நின்றாலோ, தொண்ணூறு நாளாக வரவே இல்லை என்றாலோ, வந்த வரவு போட்ட வட்டிக்குக் காணவில்லை என்றாலோ, முத்திரை. பெரியவன் சிறியவன் இல்லை. எழுதும்போது பெருமையாகவே இருந்தது.

5

பழக்கத்தை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்த எனக்கு இடித்தது ஒரு வங்கியின் சாவு. நாமக்கல்லைத் தாண்டிக் காவிரியைக் கடந்தால் கரூர். அங்கே 1926-ல் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியார் தலைமையில் ஏழு வணிகர்கள் சேர்ந்து லட்சுமி விலாஸ் வங்கியைத் தொடங்கினார்கள். சுற்றுவட்டார வியாபாரிகள், விவசாயிகள், சிறுதொழில்காரர்கள்தான் அதன் உலகம். இந்தியாவின் பெரிய வங்கிகள் கண்ணெடுத்தும் பார்க்காத மனிதர்களை முகம் பார்த்துக் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி. இதே காலத்தில் தமிழ்நாட்டில் இப்படி ஊருக்கொரு வங்கி இருந்தது. சேலத்துக்கே சேலம் பேங்க் என்று ஒன்று இருந்து, அறுபதுகளில் இந்தியன் வங்கியோடு சேர்ந்துபோனது.

லட்சுமி விலாஸ் எண்பது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. பிறகு வேகமாகப் பெரியதாக ஆசைப்பட்டு, தன் வட்டாரத்துக்கு வெளியே பெருநிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கப் போனது. ரான்பாக்சியின் முன்னாள் உரிமையாளர்களான சகோதரர்களின் நிறுவனங்களுக்குக் கொடுத்த சுமார் 720 கோடி அதில் பேர்போனது. ரெலிகேர் பின்வெஸ்ட் நிறுவனத்தின் 794 கோடி வைப்புத்தொகையைப் பிணையாகக் காட்டிக் கொடுத்த கடன். திரும்பாதபோது வங்கி அந்த வைப்பை எடுத்துக்கொள்ள, வைப்பு வைத்தவர் நீதிமன்றம் போனார். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் வந்தது. 2020 மார்ச்சில் கொடுத்த கடனில் கால்வாசி வாராக்கடன். முதல் விகிதம் சுழியத்துக்குக் கீழே போனது. முதலுக்கே மோசம் என்பதை ஒரு எண்ணாக எழுதினால் அதுதான்.

2020 நவம்பர் 17 அன்று, 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல் யாரும் எடுக்கக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. பத்தே நாளில், 27-ஆம் தேதி, சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. வைப்புதாரர்களுக்கு ஒரு பைசா போகவில்லை. பங்குதாரர்களின் பங்குகள் முழுக்க ரத்து. 94 வருடத்து வங்கியின் பங்கு ஒரே நாளில் வெறும் காகிதம்.

அது நியாயமா என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். கணக்குப்படி நியாயம்தான், முதல் போட்டவர்தான் முதலில் இழக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. ஆனால் உள்ளூரில் பங்கு வைத்திருந்த சாதாரண ஆட்கள் தங்களை முதலாளி என்றா நினைத்திருப்பார்கள்? நம்ம ஊர் வங்கி என்றுதான் நினைத்திருப்பார்கள். தில்லியில் யாருக்கோ கொடுக்கப்பட்ட கடனைப் பற்றி அவர்களிடம் யார் கேட்டார்கள்? அம்மாயியைக் கேட்காததுபோலத்தான்.

ஆனால் இந்தக் கதையில் எனக்குப் பட்ட முக்கியமான விஷயம் வேறு. அந்த வங்கி பழக்கத்தால் அழியவில்லை. தான் எதைத் தெரிந்துவைத்திருந்ததோ அதைவிட்டு, தெரியாத இடத்துக்குப் போய் அழிந்தது. மோட்டார் கடைக்காரனின் சனிக்கிழமைக் கூலியை வாசலில் நின்று பார்க்கலாம். பல நூறு கோடி ரூபாய்க் கடனின் சனிக்கிழமையை எந்த வாசலில் நின்று பார்ப்பது? அங்கே பிணை இருந்தது, காகிதம் இருந்தது. அறிவு இல்லை.

அப்படியானால் தெரிந்துகொள்வது என்பது இரண்டு வேறு காரியங்கள். ஒன்று, தெரிந்தவர் என்பதால் காட்டும் சலுகை. இன்னொன்று, யாராக இருந்தாலும் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வேலை. நான் முதலாவதை ஒழிக்க எழுதிய நிரலில் இரண்டாவதையும் சேர்த்து ஒழித்துவிட்டேனா?

6

மாமாவின் கணக்குக்கு உண்மையில் என்ன நடந்தது என்று அந்த வார இறுதி ஊருக்குப் போய்ப் பார்த்தேன். 80 லட்சம், பத்து சத வட்டி என்றால் மாதம் 66 ஆயிரத்துச் சொச்சம். தொண்ணூறு நாளில் 2 லட்சம். விலை விழுந்துகிடந்ததால் மாமா சரக்கை விற்காமல் அடுக்கியிருந்தார். பண்டிகைக் காலத்து வடக்கத்தித் தேவைக்காகக் காத்திருந்தார். வருடா வருடம் செய்வதுதான். அந்த மூன்று மாதத்தில் கணக்கில் வரவு ஒன்றரை லட்சம். போட்ட வட்டிக்கு 50 ஆயிரம் குறைவு. தொண்ணூறாவது நாள் இரவு எந்திரம் சரியாகவே எண்ணியது. குடோனில் லிமிட்டைவிட அதிக மதிப்புக்கு ஜவ்வரிசி இருந்தது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இதே குச்சிக்கிழங்கு விவசாயியின் காட்டில் இருக்கும்வரை, அதற்கு வாங்கிய பயிர்க் கடனுக்கு ரிசர்வ் வங்கி நாள்கணக்கு பார்ப்பதில்லை. பருவக் கணக்குப் பார்க்கிறது. பயிரின் காலத்தைப் பொறுத்து ஒரு பருவமோ இரு பருவமோ தவறினால்தான் வாராக்கடன். கிழங்கு லாரியில் ஏறி ஆலை கேட்டைத் தாண்டிய நிமிடம் அதன் கடிகாரம் மாறிவிடுகிறது. தொண்ணூறு நாள். ஆனால் கிழங்குக்குத் தான் கேட்டைத் தாண்டியது தெரியாது. ஆலையும் அதே பருவத்தில்தான் மூச்சுவிடுகிறது.

அப்படியானால் விதி தவறா? நானும் அப்படிச் சொல்லிவிட்டு மாமாவிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். ஆனால் பழைய ஆவணங்களைப் படித்தபோது, பருவத் தொழில்களின் கதை யாருக்கும் தெரியாதது இல்லை என்று தெரிந்தது. 1979-லேயே சோரே குழு, உச்சப் பருவத்துக்கு ஒரு லிமிட், மற்ற மாதங்களுக்கு ஒரு லிமிட் என்று தனித்தனியாகப் போடச் சொல்லியிருக்கிறது. கடன் கொடுக்கும்போதே, இந்த ஆலைக்குப் பணம் எந்த மாதம் போகும், எந்த மாதம் வரும், வராத மாதங்களின் வட்டிக்கு என்ன வழி என்று உட்கார்ந்து பேசி எழுதியிருந்தால், மாமா சீசனிலேயே அந்த 2 லட்சத்தை ஒதுக்கியிருப்பார். முதல் மேலாளருக்கு இது தெரியும். ஆனால் அவர் அதை எழுதாமல் தலையிலேயே வைத்திருந்தார். அதனால்தான் அவருக்கு "பரவால்லைங்க" தேவைப்பட்டது. பின்னால் வந்தவர்களோ போன வருடத்துக் காகிதத்தில் தேதியை மாற்றி லிமிட்டைப் புதுப்பித்தார்கள். அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. மூன்று வருடத்தில் மாற்றல். பழக்கம் முற்றி ஊழலாகக் கூடாது என்பதற்கான மாற்றல். எழுதவேண்டியதை எழுதிவைத்தால் மாற்றலால் கெடுதல் இல்லை. எழுதாவிட்டால், ஆள் போகும்போது அறிவும் போகிறது.

நான் எழுதிய மென்பொருளில் ஒரு கட்டம் இருந்தது. "பருவத் தொழிலா? ஆம் / இல்லை." அது முத்திரை விதியை மாற்றாது. ஆனால் ஆம் என்றிருந்தால், பருவம் முடிவதற்கு முன்பே கிளைக்கு ஒரு நினைவூட்டல் போகும்: இந்த வாடிக்கையாளரோடு பேசுங்கள். கிளைகளில் யாரும் நிரப்ப மாட்டார்கள், கட்டாயமாக்கினால் வேலை தேங்கும் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. யாராவது நிரப்பாவிட்டால் "இல்லை" என்று எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிடலாம் என்று சொன்னவன் நான். ஒரே வரி நிரல். குச்சிக்கிழங்கு ஊரில் பிறந்து, களத்தில் விளையாடி வளர்ந்தவன், நாட்டில் ஒரு தொழிலுக்கும் பருவம் இல்லை என்று ஒரு வரியில் முடிவு செய்துவிட்டேன். மேலாளர் தனக்குத் தெரிந்ததை எழுதாமல் போனார். எனக்குத் தெரிந்ததை நானும் எழுதவில்லை. அவருடைய பிழை மாமா ஒருவரோடு முடிந்தது. என்னுடையது எத்தனை ஆலைகளைத் தொட்டது என்று எனக்குத் தெரியவே போவதில்லை.

வங்கி தனக்குத் தெரிந்தவரிடம் சலுகை காட்டக் கடமைப்பட்டிருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். அம்மாயியின் எருமை குறுக்கே நிற்கிறது. ஆனால் யாருக்குக் கடன் கொடுத்தாலும், அவர் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது. அது கடன் வாங்குகிறவருக்கு மட்டும் செய்யும் கடமை இல்லை, அம்மாயிக்கும் சேர்த்துத்தான். அம்மாயியின் காசைக் காப்பாற்றுவது முத்திரை மட்டும் இல்லை. முத்திரை தேவைப்படாதபடி முன்கூட்டியே கேட்கப்படும் கேள்விகளும்தான். அந்தக் கேள்விகள் என் நண்பனின் வாசலிலும் கேட்கப்பட வேண்டும். முத்திரை குருடாக இருக்கட்டும். கேள்வி குருடாக இருக்கக் கூடாது.

சேலத்துக்காரர்கள் இதை வேறு விதமாக ஒருமுறை தீர்த்தும் பார்த்திருக்கிறார்கள். கடனுக்கும் குடோனுக்கும் விற்பனைக்கும் தனித்தனியாக அல்லாடி, இடையில் இருந்தவர்களிடம் சிக்கிய ஆலைக்காரர்கள் 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தார்கள். சரக்கை அதன் குடோனில் வைத்து முன்பணம் வாங்கலாம், டெண்டரில் விற்கலாம். பருவம் என்றால் என்ன என்று அங்கே யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே பருவம். ஆனால் அதுவும் ஆலை வைத்திருப்பவர்களின் சங்கம். காலனிக்கு இன்னும் எட்டவில்லை.

மாமா கொஞ்சம் சரக்கைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, பாக்கி முழுவதையும் கட்டினார். முத்திரை நீங்கியது. மதிப்பெண்ணில் விழுந்த கறை நீங்க நாளாகும். இப்போது சீசனில் அவர் பாதித் தேவைக்குத்தான் வங்கிக்குப் போகிறார். மீதிக்கு ஊரில் ஒருவரிடம் ரெண்டு வட்டிக்கு வாங்குகிறார். வருடத்துக்கு 24 சதம். ஏன் மாமா இப்படி என்று கேட்டேன்.

"அவனுக்கு என்னையத் தெரியும் தம்பி."

அந்த ஆள் கொடுப்பது அவருடைய சொந்தப் பணம். இரக்கம் காட்டினாலும் இறுக்கிப் பிடித்தாலும் அவர் முதலில்தான். கொடுக்க வேண்டிய நாளில் மாமா போய் நின்றால், "சரக்கு போவட்டும்ங்க" என்பாராம். தெரிந்துவைத்திருப்பதற்கான கூலியை வட்டியிலேயே எடுத்துக்கொள்கிறார். கணக்குப் போட்டால் மாமாவுக்குத்தான் நட்டம். மாமாவுக்கும் அது தெரியும்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது வங்கியிலிருந்து புதிய மேலாளர் லிமிட் புதுப்பிக்க வந்திருந்தார். வடமாநிலத்துப் பெண், என்னைவிடச் சின்னவராக இருப்பார். தமிழ் பாதி, இந்தி பாதி. களத்து ஓரம் நின்று போட்டோ எடுத்தார், அது விதி. கிளம்பும்போது திரும்பி மாமாவிடம், "சார், சீசன் எப்போ முடியும்?" என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் உண்டு என்று நான் சொல்லவில்லை. மாமா பதில் சொல்லத் தொடங்கினார். அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.